பொம்பா பைப்பில் தண்ணீர் வருமா? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) தீப்பிடித்தால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தன: தெருமுனையில் நிற்கிறதே, பொம்பா என்ற தீயணைப்புப் படை தண்ணீர் எடுக்கும் அந்த பொம்பா பைப். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்குத்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தப் பைப்புகளைத் திறந்து மூடிச் சோதிப்பதுதான் என் வேலையாக இருந்தது, அதனால் கையால் தொட்டு அறிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) நான்கு பொம்பா பைப் இருக்கின்றன. போன வருடம் நான்குக்கும் புதுப் பெயிண்ட் அடித்து, எண் எழுதிவிட்டுப் போனார்கள். தண்ணீர் திறந்து பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. இதுதான் சோதனையா?
(குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்)

பதில்: பெயிண்ட் நல்லதுதான். இருட்டில் கண்ணில் படும், துருவும் சீக்கிரம் பிடிக்காது. ஆனால் அது சோதனை இல்லை. ஒரு பொம்பா பைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான், அவசரத்துக்குத் திறந்தால் போதுமான தண்ணீர் வருமா? அது திறந்து ஓடவிட்டால்தான் தெரியும், வேறு வழியே இல்லை.

நான் வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயம் பிடித்துக்கொண்டது. பலகை வீடு, தகரக் கூரை, எப்படிப் பரவும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொம்பா வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. வண்டியில் இருந்த தண்ணீரை அடித்துக்கொண்டே, ஒருவர் ஓடிப்போய் பக்கத்திலிருந்த பைப்பில் ஹோஸை மாட்டித் திறந்தார். முதலில் காற்று சீறியது, பிறகு செந்தண்ணீர் கொஞ்சம், அப்புறம் கையால் தடுத்துவிடலாம் போல ஒரு ஒழுக்கு. அவ்வளவுதான். வேறு இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதற்குள் நான்கு வீடுகள் போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டில் சரி. மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்த்தால், பைப்புக்கு அடியில் இருக்கும் வால்வு கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. சில மாதங்களுக்கு முன் குழாய் உடைந்து பழுதுபார்க்க வந்தவர்கள் மூடியிருக்கிறார்கள், போகும்போது முழுதாகத் திறக்கவில்லை. மேலே இருந்த பைப் பளபளவென்று புதுப் பெயிண்டுடன் நின்றது. இன்றைக்கும் புதுப் பெயிண்ட் அடித்த பைப்பைப் பார்த்தால் எனக்கு அந்த லயத்து ஞாபகம்தான் வரும்.

சரி, முறையான சோதனை எப்படி இருக்கும்? முதலில் திறக்காமலே பார்ப்பது. பைப் சாலையிலிருந்து தெரிகிறதா, புல்லும் செடியும் மூடியிருக்கிறதா, ஏதாவது லாரி இடித்துச் சாய்ந்திருக்கிறதா, அடியில் ஈரம் கசிகிறதா. அப்புறம் பக்கத்தில் வால்வுக் குழியின் இரும்பு மூடியைத் தேட வேண்டும். நம் ஊரில் பாதி வேலை இந்த மூடியைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும், ஏனென்றால் சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போது மூடியின் மேலேயே போட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு வந்து குழியை நிரப்பிவிடுகிறது. அந்த வால்வை T வடிவ டி சாவி போட்டு முழுதாகத் திருகி, எத்தனை சுற்று என்று எண்ணுவார்கள். திறக்கும்போது வந்த கணக்கும் மூடும்போது வரும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் சொன்ன லயத்தில் யாராவது சுற்றை எண்ணியிருந்தால் போதும்.

பிறகு வாய் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது. கல், பிளாஸ்டிக் போத்தல், குளவிக்கூடு எல்லாம் எடுத்திருக்கிறேன். இவை ஹோஸுக்குள் போனால் நுனியில் அடைத்துக்கொள்ளும். ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பது, அதுவும் மெதுவாக, வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு. அமெரிக்காவில் பின்பற்றும் என்எஃப்பிஏ 25 என்ற பராமரிப்பு விதித்தொகுப்பு, வருடத்துக்கு ஒரு முறை முழுதாகத் திறந்து, அழுக்கு போய்த் தண்ணீர் தெளியும் வரை, குறைந்தது ஒரு நிமிடமாவது ஓடவிட வேண்டும் என்கிறது. எந்த நாட்டுக்கும் பொருந்தும் அளவு அது. கடைசியாக மூடி, கசிவு பார்த்து, மரைக்கு கிரீஸ் தடவி, தேதியோடு எழுதி வைப்பது. எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

செயலாளர் ஐயா, உங்கள் நான்கு பைப்பிலும் தண்ணீர் ஓடியதா என்று கேளுங்கள். பொதுச் சாலையில் இருக்கும் பைப்புகளைப் பார்வையிடுவது பொம்பா, பழுதைச் சரிசெய்வது தண்ணீர் விநியோகிப்பவர்கள். இரண்டு பக்கமும் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு முன் பொம்பாக்காரர்கள் எங்கள் லோரோங்கில் (சந்தில்) பைப்பைத் திறந்து பார்த்தார்கள். அன்றைக்கு முழுவதும் வீட்டுக் குழாயில் தேத்தண்ணீர் மாதிரி வந்தது. தெரியாமல் மெஷினில் போட்டு மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இப்படிச் சோதனை செய்யத்தான் வேண்டுமா?
(இரண்டு பிள்ளைகளின் தாய், பீடோர்)

பதில்: செய்யத்தான் வேண்டும் அம்மா. ஆனால் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அதில் உங்கள் கோபம் நியாயமானது. வாசலில் ஒரு காகிதம் ஒட்டினாலே போதும்.

பூமிக்கடியில் இருக்கும் குழாயில் தண்ணீர் சாதாரணமாக மெதுவாகத்தான் ஓடும். தண்ணீரில் இருக்கும் இரும்பும் மாங்கனீசும், பழைய இரும்புக் குழாயின் துருவும் அடியில் படிந்து கிடக்கும். பொம்பா பைப்பைத் திறந்ததும் ஓட்டம் திடீரென்று வேகமாகி அடியில் கிடந்ததெல்லாம் கிளம்பிவிடுகிறது. பைப்பை ஓடவிடுவதே அந்த அழுக்கை வெளியேற்றத்தான், கொஞ்சம் உங்கள் பக்கமும் வந்துவிட்டது.

அடுத்த முறை இப்படி வந்தால், வாஷிங் மெஷினையும் தண்ணீர் ஹீட்டரையும் போடாதீர்கள். மெயின் குழாய்க்கு மிக அருகில் இருக்கும் குழாயை, பெரும்பாலும் முற்றத்துக் குழாயை, தெளியும் வரை திறந்துவிடுங்கள். தொட்டியில் பிடிக்கும் வீடாக இருந்தால் அன்றைக்குத் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிடுவது நல்லது.

சட்டை விஷயத்தில் ஒரு முக்கியமான சங்கதி: குளோராக்ஸ் மாதிரி பிளீச் ஊற்றிவிடாதீர்கள். இரும்புக் கறையில் பிளீச் பட்டால் கறை இன்னும் கெட்டியாகிவிடும். சட்டையை ஈரமாகவே வைத்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் விட்டு அலசிப் பாருங்கள். ஏற்கெனவே பிளீச்சில் ஊறவைத்திருந்தால் முதலில் நன்றாக அலசிவிட்டு அப்புறம் எலுமிச்சை போடுங்கள், இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது, கெட்ட வாயு வரும்.

கேள்வி: நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன், கணக்கு என்றால் விடமாட்டேன். எங்கள் தெருப் பைப்பில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தபோது 3.5 பார் (அழுத்த அலகு) காட்டியது, நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் சோதித்தவர் "பிரஷர் போதாது" என்று எழுதிக்கொண்டு போனார். இது எப்படி?
(ஓய்வுபெற்ற கிராணி, கோல கங்சார்)

பதில்: ஐயா, நீங்கள் லயத்தில் இருந்தவர் என்பதால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். விடியற்காலையில் எல்லாரும் பால் வெட்டப் புறப்படும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் கடைசி வீட்டுக் குழாயைத் திறந்தால் நன்றாக வரும். விடியற்காலை ஐந்து மணிக்கு இருபது வீடும் திறந்தபின் அதே கடைசி வீட்டுக் குழாயில் நூல் மாதிரி வரும். குழாய் அதே குழாய்தான். தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போது காட்டும் அழுத்தம் வேறு, ஓடும்போது மிஞ்சும் அழுத்தம் வேறு.

நீங்கள் பார்த்த 3.5 பார் நிற்கும் அழுத்தம். முக்கால்வாசி மூடிய வால்வுக்குப் பின்னாலும் நிற்கும் அழுத்தம் முழுதாகக் காட்டும், அது நம்மை ஏமாற்றிவிடும். அதனால்தான் ஓட்டச் சோதனை என்று ஒன்று. ஒரு பைப்பில் கேஜ் மாட்டி நிற்கும் அழுத்தத்தை எழுதிக்கொள்வார்கள். பக்கத்துப் பைப்பைத் திறந்து ஓடவிட்டு, வெளியே பாயும் தண்ணீரின் நடுவில் பிட்டோ என்ற சின்னக் குழலை நீட்டி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அதே நேரத்தில் முதல் பைப்பின் கேஜ் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள்.

உங்களுக்காக இரண்டு கணக்கு. இரண்டு தெருவிலும் நிற்கும் அழுத்தம் 3.5 பார். முதல் தெருவில் நிமிடத்துக்கு 1,200 லிட்டர் ஓடும்போது கேஜ் 2.5-க்கு இறங்குகிறது, அதாவது 1 பார் இறக்கம். இரண்டாம் தெருவில் 400 லிட்டர் ஓடும்போதே 0.5-க்கு இறங்கிவிடுகிறது, 3 பார் இறக்கம். குழாயில் 1.4 பார் மிச்சம் வைத்துக்கொண்டு எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அனுமதிக்கும் இறக்கம் 3.5 கழித்தல் 1.4, அதாவது 2.1. இதை அளந்த இறக்கத்தால் வகுத்து, 0.54 அடுக்குக்கு உயர்த்தி, அளந்த ஓட்டத்தால் பெருக்க வேண்டும். முதல் தெருவில் ஏறக்குறைய 1,790 லிட்டர் கிடைக்கும். இரண்டாம் தெருவில் 330 லிட்டர்தான். கேஜில் இரண்டும் 3.5! கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்த 1.4 பாரை ஏன் மிச்சம் வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குக் கீழே உறிஞ்சினால், குழாயில் எங்காவது இருக்கும் வெடிப்பு வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும் ஆபத்து வந்துவிடும், அப்புறம் அதைத்தான் ஊரே குடிக்கும்.

இரண்டாம் தெருவுக்கு என்ன நோய் என்றால், வால்வு பாதி மூடியிருக்கலாம், குழாய் சிறியதாக இருக்கலாம், உள்ளே துரு மேடு கட்டியிருக்கலாம், அல்லது குழாய் ஒரு முனையில் முட்டி நிற்பதாக இருக்கலாம். 100 மி.மீ. குழாய்க்குப் பதில் 150 மி.மீ. போட்டால் ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கிறோம், அதே அழுத்தத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் கொண்டுவரும். தோட்டத்தைத் துண்டாக்கித் தாமான் மேல் தாமானாகக் கட்டும்போது பழைய குழாயிலேயே புதுத் தெருக்களைக் கோத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கணக்கே சொல்லும்.

கேள்வி: யூடியூபில் அமெரிக்க பொம்பா பைப்பெல்லாம் தலையில் பச்சை, நீலம் என்று கலர் கலராக இருக்கிறதே, ஏன்? பொம்பா பைப்பைக் கண்டுபிடித்தது யார்?
(ஐந்தாம் படிவ மாணவர், தாப்பா)

பதில்: தம்பி, அங்கே என்எஃப்பிஏ 291 என்ற பரிந்துரை இருக்கிறது. நான் மேலே சொன்ன ஓட்டச் சோதனையில் வந்த எண்ணை நிறமாகப் பூசிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 1,500 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 5,700 லிட்டர் வந்தால் வெளிர்நீலம். 1,000 கேலனுக்கு மேல் பச்சை, 500-க்கு மேல் ஆரஞ்சு, அதற்கும் குறைந்தால் சிவப்பு. வண்டியில் வரும்போதே எந்தப் பைப்பில் மாட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். பரிந்துரைதான் என்பதால் எல்லா ஊரிலும் இப்படியே இருக்காது. இங்கேயும் இந்த மாதிரி ஓட்டத்தைப் பைப்பிலேயே காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. இன்னொரு வித்தியாசம்: அங்கே குளிர் பிரதேசங்களில் பைப்பின் தூணுக்குள் தண்ணீரே இருக்காது, உறைந்து வெடித்துவிடும் என்பதால் வால்வைப் பூமிக்கடியில் ஆழத்தில் வைத்திருப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கண்டுபிடித்தவர் என்று பிலடெல்பியா தண்ணீர் நிலையத்தில் இருந்த ஃபிரடெரிக் கிராஃப் பெயரைச் சொல்வார்கள், 1801 வாக்கில். உறுதியாகக் காட்டக் காப்புரிமைப் பத்திரம் இல்லை, ஏனென்றால் 1836 டிசம்பரில் வாஷிங்டனின் காப்புரிமை அலுவலகமே எரிந்து, ஆயிரக்கணக்கான பத்திரங்கள் சாம்பலாகிவிட்டன. அந்தக் கட்டடத்துக்கென்று தண்ணீர்ப் பம்பும் தோல் ஹோஸும் வாங்கி வைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் எடுத்துப் பார்க்காததால் தோல் கெட்டுப்போய், தீப்பிடித்த இரவில் அது உதவவில்லை.

கேள்வி: திருவிழாவுக்கு வீதியைக் கழுவவும் தண்ணீர்ப் பந்தலுக்கும் ஒரே ஒரு நாள் பொம்பா பைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? நம் பையன் ஒருவனிடம் சாவி இருக்கிறது.
(கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர், பேராக்)

பதில்: வேண்டாம். சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் திறப்பது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பழக்கமில்லாதவர் பட்டென்று மூடிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், இருக்கிற அழுத்தத்தோடு இன்னும் 10 பார் வரை ஏறி அடிக்கும். பூமிக்குள் சம்மட்டி அடித்த மாதிரி. பழைய அஸ்பெஸ்டாஸ் குழாய் அதைத் தாங்காது, எங்கோ நான்கு தெரு தள்ளி உடையும், திருவிழா நாளில் ஊருக்கே தண்ணீர் இருக்காது. தண்ணீர் விநியோகிப்பவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து டாங்கி லாரி கேளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணன் பொம்பா பைப்பைச் சுற்றிப் பூந்தொட்டி அடுக்கி, முன்னால் காடியையும் நிறுத்துகிறார். "இருபது வருஷமா யார் இதைத் திறந்தா?" என்று கேட்கிறார். சண்டை போடாமல் எப்படிச் சொல்வது?
(குடும்பத்தலைவி, சுங்கை சிப்புட்)

பதில்: நம் மலேசியாவின் 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி பைப்பை மறைப்பதும் தடுப்பதும் குற்றம். ஆனால் நீங்கள் சட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள், அவர் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பொம்பா வண்டியில் 2,000 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 400 லிட்டர் அடித்தால் ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது பைப்பைக் கண்டுபிடித்து, மூடியைக் கழற்றி, ஹோஸை மாட்டியிருக்க வேண்டும். தொட்டியை நகர்த்தவும் காடிச் சாவியைத் தேடவும் அதில் எத்தனை நிமிடம் போகும்? அந்தப் பைப்புக்கு மிக அருகில் இருப்பது அவர் வீடுதானே. கட்டட விதிகள் 1984-இல், பொம்பா வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒரு பைப்பாவது இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதாவது அவருக்கென்று கணக்குப் பண்ணி வைத்த பைப் அதுதான், அடுத்ததைத் தேடிப் போனால் ஹோஸை நீட்டி நீட்டிக் கோக்க வேண்டும்.

தொட்டிகளை நகர்த்த நீங்களும் ஒரு கை கொடுத்தால் மனஸ்தாபம் இருக்காது.

கேள்வி: பைப்பின் வாய் மூடிகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. மூடி இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் வந்தால் சரிதானே?
(வாசகர், ஈப்போ)

பதில்: சரியில்லை. பித்தளை என்று பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. மூடி போனால் உள்ளே குப்பை சேரும், வாயின் விளிம்பும் அடிபடும். விளிம்பு நசுங்கினால் ஹோஸின் கப்ளிங் (இணைப்பு வாய்) உட்காராது. நமக்கு 65 மி.மீ. கப்ளிங், தள்ளியதும் மாட்டிக்கொள்ளும் வகை. கப்ளிங் பொருந்தாமல் போனால் எவ்வளவு பெரிய சேதம் வரும் என்பதற்கு 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத்துத் தீயைச் சொல்வார்கள். வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் வண்டிகள் உதவிக்கு ஓடி வந்தன, அவர்கள் ஹோஸ் அந்த ஊர்ப் பைப்பில் மாட்டவில்லை. 1,500-க்கு மேல் கட்டடங்கள் எரிந்தன. மூடி காணவில்லை என்றால் பைப் எண்ணோடு படம் எடுத்து உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறோம். பொம்பா பைப் என்று ஒன்றும் இல்லை. ஆலைப் பக்கம் மட்டும் இரண்டு இருக்கிறது. டவுனிலிருந்து வண்டி வர அரைமணி நேரம் ஆகும். எங்களுக்கு என்ன வழி?
(செம்பனைத் தோட்டத் தொழிலாளி, பகாங்)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். தாமான்காரர்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறது, தோட்டத்துக்குள் இருப்பவர்கள் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருக்கிறார்கள்.

தோட்டம் தனியார் நிலம், அதற்குள் இருக்கும் குழாய், பைப், பம்ப் எல்லாவற்றுக்கும் நிர்வாகம்தான் பொறுப்பு. ஆலையில் இருக்கும் அந்த இரண்டு பைப்பும் பெரும்பாலும் ஆலையின் சொந்தப் பம்பில் ஓடுபவை. குளத்திலிருந்தோ தொட்டியிலிருந்தோ டீசல் பம்ப் இழுத்துக் கொடுக்கும். பைப்பைவிட அந்தப் பம்பைத்தான் முதலில் கேட்க வேண்டும். டீசல் பம்பை வாரம் ஒரு முறை அரைமணி நேரம் ஓடவிட வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. அப்போதுதான் பேட்டரி உயிரோடு இருக்கிறதா, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தெரியும். உறிஞ்சும் குழாயின் வலையில் இலையும் பாசியும் அடைத்துக்கொள்வது தோட்டக் குளங்களில் சர்வ சாதாரணம். நான் போன ஒரு ஆலையில் பம்ப் அருமையாக ஓடியது, குளத்தில்தான் தண்ணீர் இல்லை. வறட்சி மாதங்களில் குளத்து மட்டத்தையும் குறித்து வைக்கச் சொன்னது அதற்கப்புறம்தான்.

லயத்துக்கு அருகில் குளமோ ஆறோ உண்டா? இருந்தால் அதுவே உங்கள் பொம்பா பைப். பொம்பா வண்டியும், கையில் தூக்கிவரும் பம்பும் அதிலிருந்து நேராக இழுக்கும். ஆனால் பம்ப் நிற்கும் இடத்துக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே உயரம் சுமார் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் எந்தப் பம்பும் சரியாக உறிஞ்சாது. அப்படியென்றால் கரை வரை வண்டி வர, மழைக்காலத்திலும் சக்கரம் புதையாத ஒரு பாதை வேண்டும். கல் கொட்டிக் கெட்டிப்படுத்திய ஒரு மேடை போதும், ஒரு லோரி கல்லில் முடிகிற வேலை. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, குடியிருப்பு நல்ல நிலையில் இருப்பதும் குழாய்த் தண்ணீர் கிடைப்பதும் முதலாளியின் கடமை. தொழிற்சங்கப் பிரதிநிதியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

அரைமணி நேரம் என்றீர்கள். அதனால் தீ சின்னதாக இருக்கும்போதே 999-ஐ அழையுங்கள், "கொஞ்சம் பார்க்கலாம்" என்று ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். தோட்டப் பெயரோடு டிவிஷன் எண்ணையும் சொல்லி, சாலைச் சந்திப்பில் ஒரு ஆளை டார்ச்சோடு நிறுத்துங்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரிதான் இருக்கும், ராத்திரியில் வண்டிக்காரருக்கு எது லயத்துக்குப் போகும் பாதை என்று தெரியாது.

கேள்வி: பைப்பைத் தொடாமல் எங்களால் என்ன செய்ய முடியும்?
(முதல் கேள்வி கேட்ட அதே செயலாளர், சுங்கை சிப்புட்)

பதில்: ஒரு நோட்டு வாங்குங்கள். பைப் ஒன்றுக்கு ஒரு பக்கம். எண், எந்த வீட்டு வாசல், மூடி இருக்கிறதா, சங்கிலி இருக்கிறதா, வால்வுக் குழி மூடி கண்ணில் படுகிறதா, கசிவு உண்டா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வந்தால் போதும். தெருவில் யாராவது குழாய் பழுதுபார்க்கவோ தார் போடவோ வந்தால் அந்தத் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள், அடுத்த நாளே "வால்வை முழுதாகத் திறந்தீர்களா?" என்று கேட்டு, பதில் சொன்னவரின் பொறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பொம்பாவுக்கு எழுதும் கடிதத்தில், அடுத்த சோதனையின்போது சங்கத்தில் ஒருவர் உடன் இருக்க அனுமதி கேளுங்கள், ஓட்டம் எத்தனை லிட்டர், ஓடும்போது அழுத்தம் எத்தனை என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் இருப்பது எங்கள் ஊர்தான். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானே வருகிறேன், வெயில் ஏறுவதற்குள் நான்கையும் பார்த்துவிடலாம். நோட்டும் ஒரு டார்ச்சும் கொண்டுவாருங்கள், புல்லை ஒதுக்க ஒரு பாராங்கும். கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்போம், அதன் குழி மூடியைப் போன மாதம் தார் போட்ட பிறகு நான் பார்க்கவில்லை.